ஒரு மணி நேரச் சாவி

மார்ச் 3, திங்கள்

காலைக் கூட்டம். எங்கள் குழுத் தலைவர் மேசையை இரண்டு தட்டு தட்டினார். எல்லோரும் தன் முகத்தைப் பார்க்கிறோமா என்று ஒரு சுற்றுப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் மேலே விழும்படி நாலடி தள்ளிப் போய் நின்றார். அதற்கப்புறம்தான் திருவாய் மலர்ந்தார். "இந்த வாரம். புது வெர்ஷன். போகுது. கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?"

கேட்கிறது சாமி. பக்கத்துக் கட்டடத்துக்கே கேட்கிறது.

ஆபீஸில் இவருக்குக் 'கேக்குதா' என்றே பெயர். வைத்த புண்ணியம் எனக்கு. எதையும் மூன்று தடவை சொல்வார், அதுவும் வாயை முழுசாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக, பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல. பலகையில் எழுதும்போது பேச மாட்டார். எழுதி முடித்து, பேனாவை மூடி வைத்து, முழு உடம்பையும் எங்கள் பக்கம் திருப்பி, பிறகு பேசுவார். கூட்டத்தில் பாதி நேரம் இவர் திரும்புவதிலேயே போகிறது. போன வருஷம் திடீரென்று மீசையை வழித்துவிட்டு வந்து நின்றார். "சார், ஏதாவது படத்துல கூப்பிட்டிருக்காங்களா?" என்று எங்கள் குழுவின் சுருள்முடி (அதுவும் நான் வைத்த பெயர்தான்) கேட்டான். சிரித்துவிட்டுப் போய்விட்டார், பதில் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

போன மாதம் என்மேல் தள்ளிவிட்ட புது வேலையின் உள்ளே இன்றுதான் எட்டிப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையம். பல கிளைகள். அவர்களுக்காக நாங்கள் ஒரு ஆப் செய்து கொடுத்திருக்கிறோம். அப்பாவோ அம்மாவோ வீட்டில் பிள்ளையை உட்கார வைத்துப் பயிற்சி செய்வார்கள், அதைப் போனில் வீடியோ எடுத்து ஆப் வழியாக அனுப்புவார்கள். நிலையத்தில் பயிற்சியாளர் பார்த்துத் திருத்தம் சொல்வார். நல்ல விஷயம். வீடியோக்கள் எல்லாம் கிளவுடில் வாடகைக்கு எடுத்த ஒரு இடத்தில் கிடக்கின்றன, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபோல்டர்.

அந்த இடத்தைத் திறக்கும் சாவி எங்கே? ஆப்புக்குள்ளேயே. எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான சரம், அதை அப்படியே நிரலில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆப்பை இறக்கிக்கொள்ளும் ஒவ்வொருவர் போனிலும் அது போய் உட்கார்ந்திருக்கிறது. ஆப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவனும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எடுத்துவிடுவான். எடுத்தால் அவன் பிள்ளையின் ஃபோல்டர் மட்டும் திறக்காது, எல்லாப் பிள்ளைகளுடையதும் திறக்கும்.

இதைச் செய்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கியவர்கள். சுவரில் மாட்டியிருப்பார்கள்.

மார்ச் 6, வியாழன்

கேக்குதாவிடம் சொன்னேன். மேசையைத் தட்டினார் (அறையில் இருந்தது நான் ஒருத்திதான்!). "யாரும்மா. போய்ப் பிரிச்சு. பார்க்கப் போறாங்க?"

"பார்க்கணும்னு நினைக்கிறவங்க பார்ப்பாங்க சார்."

"பிள்ளைங்க வீடியோல என்ன இருக்கு, திருடறதுக்கு?"

அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. எனக்கென்ன. சுருள்முடியைக் கூப்பிட்டு "சாவியை மறைச்சிடுப்பா" என்றார். அவனும் பெரிய வித்தைக்காரன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

மார்ச் 10, திங்கள்

மறைத்துவிட்டான்! சாவியை ஒரு ரகசியச் சொல்லால் உருமாற்றி வைத்திருக்கிறான். பார்த்தால் யாருக்கும் புரியாதாம். சரி, ஆப் ஓடும்போது அதற்குப் புரிய வேண்டுமே, அந்த ரகசியச் சொல் எங்கே என்று கேட்டேன்.

"அதுவும் ஆப்புக்குள்ளதான். ஆனா வேற ஃபைல்ல."

பூட்டைப் பூட்டிச் சாவியை அந்தப் பூட்டிலேயே தொங்கவிட்டிருக்கிறான். இதற்குக் கேக்குதா கைதட்டினார், மூன்று தடவை.

செய்ய வேண்டியது என்ன என்று கேக்குதாவுக்கு எழுதி அனுப்பினேன். ஆப்புக்குள் சாவியே இருக்கக் கூடாது. அம்மாவோ அப்பாவோ லாகின் செய்ததும் எங்கள் சர்வர் அவர்களுக்கு ஒரு தற்காலிகச் சாவியைக் கொடுக்க வேண்டும். அது அவர்கள் பிள்ளையின் ஃபோல்டரை மட்டும் திறக்கும், ஒரு மணி நேரம் போனால் செத்துவிடும். திருடினாலும் பிரயோஜனம் இல்லை. கடைசியாக, பழைய சாவியை ஒரேயடியாக முறித்துப் போட வேண்டும்.

முறித்தால் பழைய வெர்ஷன் வைத்திருக்கிறவர்கள் யாராலும் வீடியோ அனுப்ப முடியாது. அதனால் யாருக்கும் தைரியம் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

பதில் வந்தது. ஒரே வார்த்தை. 'நோட்டட்.'

மார்ச் 12, புதன்

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அவருக்குப் பல் கட்டும் லேபில் வேலை. பகலெல்லாம் அடுத்தவர்களுடைய பல்லோடு பழகுவதால் பொறுமை ஜாஸ்தி.

"ஒரு அடுக்குமாடிக் கட்டடம்னு வெச்சுக்குங்க. குடியிருக்கிறவங்க எல்லார் கையிலயும் ஒரே சாவி. அது எல்லார் வீட்டையும் திறக்கும்."

"திறக்குதான்னு நீ பார்த்தியா?"

"பார்க்கப் போறேன். இருபதாம் தேதி நிலையத்து டைரக்டரம்மா வர்றாங்க. பாதுகாப்பு பத்திக் கேக்குதா மேடையேறி முழங்கப் போறார். அவர் முடிச்சதும் நான் எழுந்திரிச்சு, அங்கேயே ஆப்பைப் பிரிச்சு, சாவியை எடுத்து, ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டப் போறேன். மூஞ்சி எங்க போய் வெச்சுக்கிறார்னு பார்ப்போம்."

"யார் வீட்டுக்குள்ள போய்க் காட்டுவே?"

"யாரோடதாவது. அதா இப்ப முக்கியம்?"

"நீயே சும்மா ஒரு கணக்கு திறந்து, அதுல ஒரு நாய்க்குட்டி வீடியோ போட்டு, அதைக் காட்டலாமே."

காட்டலாம். ஆனால் நாய்க்குட்டியைப் பார்த்து யாருக்கு உறைக்கும்? அந்த மனுஷருக்கு உறைக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

"உனக்கு இந்த உலகத்துல யாரைத்தான் பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டு ரசத்தை நகர்த்தி வைத்தார்.

மார்ச் 16, ஞாயிறு

மத்தியானம். வீட்டுக்காரர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். ஆப்பைப் பிரித்தேன். சுருள்முடியின் மகா ரகசியம் கையில் அப்படியே வந்து விழுந்தது. கிளவுட் திறந்துகொண்டது. வரிசை வரிசையாக ஃபோல்டர்கள், பெயர் இல்லை, எண்கள்தான். கடைசியாக வந்திருந்த வீடியோவைத் திறந்தேன்.

ஒரு ஹால். சோபாமேல் துவைத்த துணி குவிந்து கிடந்தது. தரையில் ஒரு சின்னப் பெண், நாலு வயது இருக்கலாம், காதுக்குப் பின்னால் கருவி. எதிரே ஒரு ஆள் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். போனைப் பிடித்திருந்தது அம்மாவாக இருக்கும்.

அந்த ஆள் தரையை இரண்டு தட்டு தட்டினார். குழந்தை நிமிர்ந்து பார்த்தது. அவர் விளக்கு வெளிச்சம் முகத்தில் விழும்படி நகர்ந்து உட்கார்ந்தார். முகம் தெரிந்தது.

"கேக்குதா கண்ணு? அப்பா பேசறது கேக்குதா?"

எங்கள் கேக்குதாதான்.

ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். "காக்கா." காத்திருந்தார். குழந்தை அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஆ… ஆ."

"காக்கா."

"ஆ… ஆ."

அந்தக் 'க' தொண்டைக்குள் பிறக்கிறது. உதட்டைப் பார்த்தால் தெரியாது. குழந்தையின் கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டார். "காக்கா." மறுபடி. மறுபடி. சலிப்பு, கோபம், ஒன்றும் இல்லை. எங்களுக்கெல்லாம் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மேசையைத் தட்டுவது. வெளிச்சத்துக்குப் போய் நிற்பது. எழுதிக்கொண்டே பேசாதது. மீசை இருந்தால் மேலுதடு மறையும். — நான் இதை வைத்து எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

பாதியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குழந்தை சொல்லிவிடுமா என்று கடைசிவரை பார்த்தேன். சொல்லவில்லை. அவர் அதற்கும் கைதட்டினார்.

மார்ச் 17, திங்கள்

லீவு போட்டேன். தலைவலி என்று எழுதினேன். பொய்.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நான் திடீரென்று திருந்திவிட்டேன் என்று நானே நம்பிவிடுவேன். பெற்ற குழந்தையை இப்படித் திறந்து கிடக்கிற வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறாரே, எவ்வளவு பெரிய முட்டாள்! சொன்னபோதாவது விளங்கியிருக்க வேண்டாமா? "என்ன இருக்கு திருடறதுக்கு"வாம்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். கூட்டத்தில் வைத்து இல்லை, அவர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

"சார், ஞாயித்துக்கிழமை அந்தச் சாவியை எடுத்தேன். திறந்துச்சு. ஒரு வீடியோ பார்த்தேன். அது உங்களோடது."

மேசையைத் தட்டவில்லை.

"எத்தனை பார்த்தே?" எப்போதும் என்னை 'நீங்க' என்பவர்.

"ஒண்ணுதான் சார்."

"முழுசாவா?"

"…முழுசா."

"யாரு உனக்குப் பார்க்க அனுமதி கொடுத்தா?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது! "நீங்கதான் சார். சாவியை ஆப்புக்குள்ள வெச்சுக் கொடுத்திருக்கீங்களே."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நான் சுருள்முடியைப் பார்ப்பது அது. கூட்டத்தில் அவரைப் பார்ப்பது அது. என் பக்கம் ஒருவரும் அதைத் திருப்பியதில்லை. அங்கேயே நின்றேன்.

அப்புறம் எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி ஏதோ சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் முதுகைக் காட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்க சார் என்று கேட்கவும் முடியவில்லை. வந்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

முறித்துவிட்டார்! தற்காலிகச் சாவி கொடுக்கும் புது வெர்ஷன் தயாரில்லை, முதலாளியிடம் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் தன் இடத்தில் உட்கார்ந்து பழைய சாவியை ரத்து செய்துவிட்டார். ஒரே நிமிஷத்தில் ஊரெல்லாம் ஆப் படுத்துவிட்டது. போன் மேல் போன். நிலையத்தில் இது பிள்ளைகளை மதிப்பிடுகிற வாரமாம், பெற்றோர் வீடியோ அனுப்பியே ஆக வேண்டுமாம். முதலாளி கத்தியது மூன்று மாடிக்கும் கேட்டது. யாரும் 'கேக்குதா' என்று கேட்கத் தேவைப்படவில்லை.

சுருள்முடி என்னிடம் வந்து, "பெருசுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சா?" என்றான். போய் வேலையைப் பார் என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதில் அவனுக்கு ஆச்சரியம்.

மார்ச் 20, வியாழன்

டைரக்டரம்மா வந்தார். கொதித்துப் போய் வந்தார். முதலாளி, "சின்னக் கோளாறும்மா, சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்" என்று குழைந்தார். இப்படி ஒரு வழுவழு பேச்சை அவர் எங்கே கற்றாரோ.

கேக்குதா எழுந்தார். மேசையைத் தட்டினார். வெளிச்சத்துக்குப் போனார். ஒருவனும் சிரிக்கவில்லை.

"கோளாறு இல்லம்மா. நான்தான் நிறுத்தினேன். ஆப்பைப் பிரிச்சா சாவி வெளியே வந்துடும். வந்தா எல்லாப் பிள்ளைங்க வீடியோவும் தெரியும். எனக்கு முன்னாடியே சொன்னாங்க. நான் காதுல வாங்கிக்கல."

முதலாளி முகம் செத்துவிட்டது. வாடிக்கையாளர் முன்னால் உண்மையைச் சொல்கிற பழக்கம் எங்கள் ஆபீஸில் கிடையாது.

டைரக்டரம்மா மெதுவாகக் கேட்டார். "யாராவது பார்த்திருக்காங்களா?"

கேக்குதா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலே நின்றார். சொல்லவும் மாட்டார், பொய்யும் சொல்ல மாட்டார், அது தெரிந்தது. நான் எழுந்துகொண்டேன். இதே கூட்டத்தில் எழுந்திருக்கத்தானே ஒத்திகை பார்த்திருந்தேன்.

"நான் பார்த்தேம்மா. ஒரு வீடியோ. சோதிச்சுக் காட்டறதுக்காக. பார்க்காமலே காட்டியிருக்கலாம்."

"எந்தப் பிள்ளை?"

"பெத்தவங்ககிட்ட சொல்லிட்டேன். வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அந்த அம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பி, "அவங்க என்ன சொன்னாங்க?" என்றார்.

"எனக்குச் சரியாக் கேக்கல" என்றேன். அதுதான் உண்மை.

மார்ச் 24, திங்கள்

எதிர்பார்த்ததுதான். கேக்குதாவைத் தலைமையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 'கலந்து பேசாமல் முடிவெடுத்ததற்காக.' சாவியை ஆப்புக்குள் வைத்ததற்காக இல்லை! அதைச் செய்தபோது எல்லோரும் கலந்து பேசித்தான் செய்தார்கள், அதனால் அது தப்பில்லை போலிருக்கிறது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அது நியாயம்.

அவரை மூலையில், பிரிண்டர் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

புது வெர்ஷன் போய்விட்டது. தற்காலிகச் சாவி வேலை செய்கிறது. லாகின், ஒரு மணி நேரம், அவரவர் ஃபோல்டர். நானும் சுருள்முடியும் செய்தோம். ஒன்று சொல்ல வேண்டும், பயல் இந்தத் தடவை ஒழுங்காக உழைத்தான். அதற்குமேல் அவனைப் பற்றி நல்லது எழுத என்னால் ஆகாது.

புதுத் தலைவரும் அவன்தான். முதல் கூட்டம் இன்று. கையை வாய்மேல் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து, மென்று மென்று பேசினான். பாதி வார்த்தை அவன் விரலுக்கே போனது. கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கி, "கேக்கல" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரிண்டர் பக்கத்திலிருந்து அவரும்.

ஏப்ரல் 28, திங்கள்

என் மேசையில் இரண்டு தட்டு. நிமிர்ந்தேன்.

அவர்தான். வெளிச்சம் இருக்கும் பக்கமாக வந்து நின்றார்.

"அந்த ஒரு மணி நேரம் பத்தலைங்க." மறுபடி 'நீங்க'. "லாகின் பண்ணி, எல்லாம் எடுத்து வெச்சு, பயிற்சி முடிச்சு அனுப்பறதுக்குள்ள சாவி செத்துடுது. வீடியோ பாதியில நிக்குது. திரும்ப அனுப்பினா முதல்லேர்ந்து போகுது."

"ஒரு மணி நேரம் ஆகுமா சார், ஒரு பயிற்சிக்கு?"

"அவ வந்து உக்காரவே முக்கால் மணி நேரம் ஆகும்."

ஆபீஸில் அவர் அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒன்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அந்தக் குழந்தை எந்த வார்த்தையில் நிற்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் தெரிந்துகொண்ட வழிதான் அவருக்குத் தெரியுமே.

"சரி சார். சாவி சாகறதுக்கு முன்னாடி ஆப்பே புதுசு வாங்கிக்கிற மாதிரி பண்ணிடறேன். விட்ட இடத்துலேர்ந்து அனுப்பும்."

"ம்."

மூன்று தடவை சொல்லாமல் போனார்.

இது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்! சர்வரையே கட்டிக்கொண்டு அழுத எனக்கு, பிள்ளை உட்காராது என்று தெரியவில்லை. பெரிய மேதாவி நான்.

மே 9, வெள்ளி

திருத்தம் போய்விட்டது. சுருள்முடி மெயிலில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டான். போட்டுக்கொள்ளட்டும், அவன் அம்மா சந்தோஷப்படுவாள்.

நான் தினமும் ஒரு சோதனை செய்கிறேன். என் லாகினில் உள்ளே போய், எனக்குச் சொந்தமில்லாத ஒரு ஃபோல்டரைத் திறக்கப் பார்ப்பேன். இன்று வேண்டுமென்றே அந்த எண்ணைப் போட்டேன். எண் எனக்கு மறக்கவில்லை.

'அனுமதி இல்லை.'

என்னிடம் இருக்கும் எல்லா வழியிலும் முயன்று பார்த்தேன், வீட்டைப் பூட்டியபின் கதவை ஆட்டிப் பார்க்கிற மாதிரி. ஒன்றும் அசையவில்லை. நேற்று அங்கே ஒரு வீடியோ பாதியில் நிற்காமல் முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது என்பது மட்டும் பதிவில் தெரிகிறது.

சாயங்காலம் வீட்டுக்காரர், "என்ன, ஒரு மாதிரி உக்காந்திருக்கே?" என்றார்.

"ஒரு குழந்தை காக்கான்னு சொல்லிடுச்சான்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"போய்ப் பார்க்க வேண்டியதுதானே?"

"முடியாது" என்றேன். "நல்லாப் பூட்டிட்டேன்."